கணுக்கால் சுளுக்கோடு கோஸ்ட் டு கோஸ்ட்: இறங்குவதா, விலகுவதா?

டிசம்பர் 11 – வாசகர் ஒருவரின் கேள்வி

பிப்ரவரியில் நடக்கும் கோஸ்ட் டு கோஸ்ட் இரண்டு நாள் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். நேற்று மாலை படிக்கட்டில் இறங்கும்போது வலது கணுக்கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது. வீங்கியிருக்கிறது; ஆனால் நடக்க முடிகிறது. இன்னும் ஒன்பது வாரங்கள் இருக்கின்றன. வலியைப் பொறுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. மனவுறுதி உள்ளவனுக்குச் சுளுக்கு ஒரு தடையே இல்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கட்டும்.

டிசம்பர் 11, இரவு

மறுக்கிறேன். மறுப்பவனின் நிலையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அதே போட்டியில், அதே இரண்டு நாள் பிரிவில் எனக்கும் இடம் இருக்கிறது. எனக்கும் கணுக்கால் சுளுக்குத்தான். இடது கால், கிறைஸ்ட்சர்ச்சை ஒட்டிய போர்ட் ஹில்ஸ் குன்றுப் பாதையில் மூன்று வாரங்களுக்கு முன் வாங்கிக்கொண்டது. ஆகையால் இங்கே எழுதுவதில் பாதி உங்களுக்கு, மீதி எனக்கு.

போட்டியை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: நியூசிலாந்தின் தெற்குத் தீவை மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை குறுக்காகக் கடக்கும் 243 கிலோமீட்டர் பந்தயம் இது. ராபின் ஜட்கின்ஸ் 1983இல் தொடங்கினார். முதல் ஆண்டு கலந்துகொண்டவர்கள் 79 பேர். குமாரா கடற்கரையில் டாஸ்மன் கடலுக்கு முதுகு காட்டி ஓடத் தொடங்கி, 55 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் 1,070 மீட்டர் உயரமுள்ள கோட் பாஸ் கணவாயைத் தாண்டினால் இரண்டு நாள் பிரிவினருக்கு முதல் நாள் முடியும். மறுநாள் சிறிது சைக்கிள், வைமக்காரிரி ஆற்றில் கயாக் என்ற துடுப்புப் படகில் 70 கிலோமீட்டர், பிறகு நியூ பிரைட்டன் கடற்கரை வரை 70 கிலோமீட்டர் சைக்கிள். இவ்வளவையும் ஒரே நாளில் முடிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பிரிவு 1987இல் வந்தது. அவர்களைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

இப்போது உங்கள் மனவுறுதிக்கு வருகிறேன். மலை ஓட்டம் என்ற பெயரைக் கேட்டுப் பாதை ஒன்று இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கணவாய்க்கு ஏறும் பக்கத்தில் டிசெப்ஷன் ஆற்றின் படுகையே பாதை. தேங்காய் அளவிலிருந்து ஆட்டுக்கல் அளவு வரையான உருண்டைக் கற்களின் மேல் மணிக்கணக்காக ஏறி, அதே ஆற்றை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக மீண்டும் மீண்டும் கடக்க வேண்டும். சுளுக்கில் நாம் இழப்பது வலியற்ற நிலையை மட்டுமன்று. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குத் தெரிவிக்கும் உணர்வையும் இழக்கிறோம். வலி இரண்டு வாரத்தில் குறைந்துவிடும். அந்த உணர்வு அவ்வளவு விரைவில் திரும்புவதில்லை. பாதம் மடங்கத் தொடங்கியது உங்களுக்குத் தெரிவதற்குள் அது மடங்கி முடிந்திருக்கும். அங்கே பொறுமைக்கு வேலையே இல்லை.

டிசம்பர் 12

நேற்றைய குறிப்பில் ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டேன். 'நடக்க முடிகிறது' என்பதை எலும்பு முறியவில்லை என்பதற்குச் சான்றாக நீங்கள் எடுத்துக்கொண்டது போலத் தெரிந்தது. நானும் மறுக்காமல் கடந்துவிட்டேன். அது பாதி விதிதான். எக்ஸ்ரே தேவையா என்று தீர்மானிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒட்டாவா விதிகள் 1992இல் கனடாவில் உருவானவை. அவற்றின்படி நான்கு அடி எடுத்துவைத்து நடக்க முடிகிறதா என்று பார்ப்பதோடு, கணுக்காலின் இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்புகளின் பின் விளிம்பைக் கீழிருந்து 6 சென்டிமீட்டர் வரை அழுத்திப் பார்க்க வேண்டும். சுண்டுவிரலுக்கு நேராகப் பாதத்தின் வெளி விளிம்பில், நடுப்பகுதியில் துருத்தி நிற்கும் எலும்பையும், உள்பக்கத்தில் பாத வளைவுக்கு மேலிருக்கும் எலும்பையும் அழுத்த வேண்டும். இவற்றில் ஓரிடத்தில் எலும்பின் மேலேயே வலித்தாலும் படம் எடுத்துவிடுவது நல்லது. இந்த நாட்டில் பிசியோவிடம் நேராகப் போனாலே விபத்து இழப்பீட்டுத் திட்டத்தில் பதிவு செய்துகொள்வார். விளையாட்டில் பட்ட அடிக்கும், படிக்கட்டில் பட்ட அடிக்கும் அது பொருந்தும். ஆகவே செலவைக் காரணம் காட்டித் தள்ளிப்போடாதீர்கள்.

டிசம்பர் 15

வீட்டு வைத்தியத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். திருநெல்வேலியிலிருந்து அம்மா தொலைபேசியில் சொன்னது இரண்டு: உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துப் பற்றுப் போடு, அங்கே சுளுக்கு வழிப்பவர் யாராவது இருந்தால் போய்ப் பார். முதலாவதைச் செய்தேன். காய்ந்து இறுகியதும் அது ஏறக்குறைய ஒரு கட்டுப் போலப் பாதத்தை அசையவிடாமல் பிடித்துக்கொண்டது. முதல் இரண்டு நாள்களுக்கு அதில் குறை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை அதைச் சுரண்டி எடுப்பதற்குள் குளியலறை தோசைக்கடை போலாகிவிட்டது. இரண்டாவதைச் செய்யவில்லை. பிடித்துக்கொண்ட தசையையும் கிழிந்த தசைநாரையும் நாம் ஒரே சொல்லால் சுளுக்கு என்று சொல்லிவிடுகிறோம், எண்ணெய் தடவி அழுத்தி வழிப்பதற்கு இரண்டும் ஒன்றல்ல.

ஐஸ் வைப்பதைப் பற்றி: ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் ஒரு சூத்திரமாக 1978இல் எழுதியவர் கேப் மிர்க்கின் என்ற அமெரிக்க மருத்துவர். அவரே பல ஆண்டுகள் கழித்து, பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். நான் வலி தாங்க முடியாத முதல் நாளில் மட்டும் வைத்தேன். மூன்றாம் நாளிலிருந்து மெதுவாக நடந்தேன்.

டிசம்பர் 28

நோயை மீறி இந்தப் போட்டியில் வென்றவர் என்று ஸ்டீவ் கர்னியை யாராவது எடுத்துக்காட்டாகக் கொண்டுவருவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன், கொண்டுவந்துவிட்டீர்கள். 1994இல் போர்னியோவில் நடந்த ரெய்ட் கோல்வாஸ் சாகசப் பந்தயத்தில் அவருக்கு எலிக்காய்ச்சல் தொற்றி, உயிர் பிழைப்பதே பெரும்பாடானது உண்மை. அதற்கு முன் 1990, 1991 ஆண்டுகளில் கோஸ்ட் டு கோஸ்டில் வென்றிருந்தவர், 1997 முதல் 2003 வரை தொடர்ந்து ஏழு முறை வென்றார் என்பதும் உண்மை. ஆனால் உங்கள் வாதத்துக்கு இது எப்படி உதவும் என்பதுதான் விளங்கவில்லை. 1994க்கும் 1997க்கும் நடுவில் இருப்பவை ஆண்டுகள். ஒன்பது வாரங்கள் அல்ல. அவர் காய்ச்சலோடு கயாக்கில் ஏறி வெல்லவில்லை. காய்ச்சல் போய், உடம்பைத் திரும்பக் கட்டிய பிறகு வென்றார். இதைக் காயத்தோடு போட்டியிட்டவரின் கதையாகச் சொல்வதைவிடக் காத்திருந்தவரின் கதையாகச் சொல்வதே பொருந்தும்.

எலிக்காய்ச்சல் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2000இல் சபாவில் நடந்த ஈகோ சேலஞ்ச் பந்தயத்தில் 304 பேர் கலந்துகொண்டார்கள். பந்தயம் முடிந்து அவரவர் நாட்டுக்குத் திரும்பிய பிறகு காய்ச்சல் கிளம்பியது. விசாரிக்கப்பட்ட 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சலின் அறிகுறிகள் இருந்தன. செகாமா ஆற்றில் நீந்தியதே முக்கியக் காரணம் என்று கண்டறிந்தார்கள். பந்தயத்தின் கணக்கு முடிவுக்கோட்டிலேயே தீர்ந்துவிடுவதில்லை என்பதற்காக இதைச் சொன்னேன். விஷயத்திலிருந்து சற்று விலகிவிட்டேன், மன்னிக்கவும்.

ஜனவரி 12

மீண்டும் மடங்கியது. அதே கால். வீட்டுக்குப் பின்னால், சமதரையில், குப்பைத்தொட்டியை இழுத்துக்கொண்டு போகும்போது.

ஜனவரி 14

இரண்டு நாள்கள் யாருக்கும் பதில் எழுதவில்லை. மலையில் மடங்கியிருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு கௌரவமாவது இருந்திருக்கும்.

பிசியோ சொன்னது: முன் வெளிப்பக்கத் தசைநார் பாதி கிழிந்த நிலைதான், முழுவதும் அறுபடவில்லை, நான்கு வாரத்தில் கல்லில் ஓடுவதை அவர் பரிந்துரைக்கமாட்டார், ஆனால் ஓடினால் என்ன ஆகும் என்றும் உறுதியாகச் சொல்லமாட்டார். அதாவது முடிவு என்னுடையது.

முடிவெடுப்பதற்காக ஒரு தாளில் போட்டியின் பாதையைக் கோடாக வரைந்து, எந்த இடத்தில் கால் கைவிட்டால் எப்படி வெளியேறுவது என்று குறித்துப் பார்த்தேன். இந்தக் கேள்வியைத்தான் நான் முதல் நாளே உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். சைக்கிள் பகுதிகள் முழுவதும் சாலையில் போகின்றன. இறங்கி ஓரமாக உட்கார்ந்தால் வண்டி வரும். கயாக் பகுதியில் நடுவே வரும் பள்ளத்தாக்கில் இருபுறமும் செங்குத்துப் பாறைதான், சாலை கிடையாது. ஆனால் பாதுகாப்புக்கு ஜெட் படகுகள் இருக்கும். மலை ஓட்டத்தில், ஏக்கன்ஸ் என்ற இடத்தில் சாலையை விட்டு இறங்கிவிட்டால், கணவாயைத் தாண்டி மறுபக்கம் மிங்கா ஆற்றின் வழியே சாலைக்கு வரும்வரை, நடந்து வர வேண்டும். இல்லையென்றால் ஹெலிகாப்டர்தான் வர வேண்டும். கயாக்கில் தோள்பட்டை வலியோடு இறங்குபவனும் கணுக்கால் வலியோடு மலையேறுபவனும் ஒரே அளவு துணிச்சல்காரர்கள் அல்லர். இரண்டாமவன் தன்னைத் தூக்கி வரும் வேலையை முன்பின் தெரியாதவர்கள் தலையில் சுமத்தத் தயாராகிறான்.

ஆகவே விலகுவதே சரி. இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த நிமிடத்தில் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜனவரி 15

வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமே என்ற யோசனைக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. நீரிழப்போடு பல மணி நேரம் ஓடும் உடம்பில் அந்த ஓட்டம் ஏற்கெனவே குறைந்திருக்கும். நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. மாத்திரை எடுத்தவர்களில் 52 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 34 விழுக்காட்டினருக்கும் சிறுநீரகப் பாதிப்பின் அளவீடுகள் தென்பட்டன. அதோடு, மாத்திரை போட்ட காலிடமிருந்து 'இதற்கு மேல் வேண்டாம்' என்ற ஒரே தகவலும் வராமல் போய்விடும்.

ஜனவரி 30

விலகவில்லை. ஜனவரி 14ஆம் தேதிக் குறிப்பை எடுத்துக்காட்டி என்னைக் கேலி செய்ய உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நான் செய்துகொண்ட ஏற்பாடு இது. என் மைத்துனர்தான் உதவிக் குழு. வண்டியும் உணவும் உடையும் அவர் பொறுப்பு. ஏக்கன்ஸில் சைக்கிளிலிருந்து இறங்கியதும், அவர் முன்னிலையில் இடது காலில் மட்டும் நின்று பத்து முறை துள்ள வேண்டும். பத்தும் முடிந்தால் மலை. முடியாவிட்டால் வண்டியின் பின் இருக்கை. தீர்ப்பு அவருடையது. பந்தய வேகத்தில் இருப்பவனின் மூளையை நம்பக்கூடாது என்பதால், நிதானமாக இருக்கும்போதே இதை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

வேறு இரண்டு சிறு விஷயங்கள். சைக்கிள் பெடலில் பூட்டிய காலணியை விடுவிக்கக் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும்; புண்பட்ட கணுக்காலுக்கு அந்தத் திருப்பலே போதும். ஆகவே பெடலின் பிடியைக் கடைசி வரை தளர்த்தி வைத்தேன். அடுத்து, ஒட்டுப்பட்டை: காலைச் சுற்றி எவ்வளவு இறுக்கி ஒட்டினாலும் அரைமணி ஓட்டத்துக்குள் அதன் பிடி கணிசமாகத் தளர்ந்துவிடும், ஆற்றில் நனைந்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே அதை நம்பாமல் கயிறு கட்டும் கணுக்கால் கவசம் ஒன்று வாங்கினேன். கேள்வி கேட்ட நண்பர் விலகிவிட்டதாகத் தனியே எழுதியிருக்கிறார். மனவுறுதி எங்கே போயிற்று என்று நான் கேட்கமாட்டேன்.

பிப்ரவரி 17

முடித்தேன். இரண்டு நாளும் சேர்த்து 18 மணி நேரத்துக்கு மேல். வரிசையில் எங்கே என்று கேட்காதீர்கள்.

ஏக்கன்ஸில் பத்து முறை துள்ளினேன்; மைத்துனர் தலையசைத்தார்; ஓட்டிரா ஆற்றைக் கடந்து டிசெப்ஷனுக்குள் இறங்கினேன். முதல் ஒரு மணி நேரம் நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. தண்ணீர் அவ்வளவு குளிராக இருந்ததால் கணுக்கால் மரத்துப்போய்ப் பத்து வயதுப் பையனின் கால் போல இருந்தது. பிறகு, வேகமாக ஓடும் நீரில் கண்ணுக்குத் தெரியாத கல்லில் கால் வைத்தபோது அது வழக்கம்போல மடங்கியது. விழுந்தேன். எழுந்து நின்றபோது எனக்குப் பின்னால் வந்த பெண்மணி ஒருவர் நின்றுவிட்டார். என்ன ஆயிற்று என்றுகூடக் கேட்கவில்லை. என் தோள்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு, தன் பையின் வாரை என்னைப் பிடிக்கச் சொல்லி, அடுத்த கடவைக்கு இழுத்துக்கொண்டு போனார். கணவாய்க்குக் கீழே கடைசி ஏற்றம் வரை ஒவ்வொரு கடவையிலும் நின்று காத்திருந்தார். மேலே போனதும் கையை உயர்த்திக் காட்டிவிட்டு ஓடிவிட்டார்.

இறக்கத்தில் பெரும்பாலும் நடந்தேன். முதல் நாள் முடியும் கிளொண்டைக் கார்னரில் இரவு கூடாரத்துக்கு வெளியே கவசத்தைக் காயவைத்திருந்தேன். விடிவதற்குள் கியா என்ற மலைக்கிளி அதன் பட்டையைக் கொத்திக் குதறிவிட்டிருந்தது. விலகு என்று எனக்குச் சொல்ல வந்த கடைசித் தூதர் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 19

நான் கொஞ்சமும் எதிர்பாராத இடத்தில்தான் கால் அதிகம் வலித்தது: படகில். கயாக் என்றால் கைவேலை என்று நினைத்திருந்தேன். இந்தப் பந்தயத்துக்கு வேண்டிய இரண்டாம் தர ஆற்றுச் சான்றிதழையும் வாங்கியவன்தான். காயம் இல்லாத காலத்தில் கவனிக்கவே இல்லை. துடுப்பை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அதே பக்கப் பாதம் முன்னால் உதைக்கிறது. சுக்கானையும் பாதத்தால்தான் திருப்ப வேண்டும். வைமக்காரிரி பின்னல் பின்னலாகப் பல கிளைகளாகப் பிரிந்து ஓடும் ஆறு. எந்தக் கிளையில் போவது என்று பார்த்துப் பார்த்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மௌரி மொழியில் அந்தப் பெயருக்குக் குளிர்ந்த நீர் என்று பொருள். ஆறு மணி நேரம் அந்தக் குளிரில், வீங்கிய கணுக்காலை ஒரே மடிப்பில் வைத்து உதைத்த பிறகு, கரையில் இறங்கும்போது என்னால் நிற்கவே முடியவில்லை. முன்பு தோள்பட்டைக்காரனையும் கணுக்கால்காரனையும் பிரித்து எழுதியிருந்தேன் அல்லவா? கணுக்கால்காரனுக்குப் படகிலும் தப்ப வழியில்லை என்று திருத்திக்கொள்ளுங்கள்.

மார்ச் 8

பிப்ரவரி 17ஆம் தேதிக் குறிப்பில் ஒரு பொய் இருக்கிறது. மூன்று வாரங்களாக உறுத்துகிறது; இங்கேயே திருத்திவிடுகிறேன்.

ஏக்கன்ஸில் நான் பத்து முறை துள்ளவில்லை. ஆறு முறை துள்ளினேன். அதிலும் நான்காவதிலிருந்து வண்டிக் கதவில் கை வைத்திருந்தேன். மைத்துனர் அதைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார் என்று எழுதியது உண்மைதான். ஆனால் அக்கா கணவரான என்னிடம், கடற்கரையிலிருந்து அவ்வளவு தூரம் வந்து நிற்கும் என் முகத்தைப் பார்த்து, வேண்டாம் என்று சொல்வது அவருக்கு எவ்வளவு கடினம் என்பதை நான் ஏற்பாடு செய்த நாளிலேயே அறிந்திருந்தேன். அறிந்துதான் அவரை நடுவராக வைத்தேனோ என்று இப்போது தோன்றுகிறது. பிசியோவையோ, எனக்கு உறவில்லாத வேறொருவரையோ நிறுத்தியிருந்தால் நான் பின் இருக்கையில்தான் உட்கார்ந்திருப்பேன்.

அந்தப் பெண்மணியை நியூ பிரைட்டனில் தேடிக் கண்டுபிடித்து நன்றி சொன்னேன். பேச்சுவாக்கில், போன முறை எடுத்த நேரத்தைவிட அரைமணி குறைப்பதற்காக ஓராண்டு பயிற்சி செய்ததாகவும், மலையில் அது கைநழுவிவிட்டதாகவும் சொன்னார். என்னைக் குற்றம் சொல்லவில்லை. வானிலையைப் பற்றிப் பேசுவது போலத்தான் சொன்னார். ஹெலிகாப்டரைப் பற்றி ஜனவரியில் அவ்வளவு கவலைப்பட்டு எழுதியவனுக்கு, ஹெலிகாப்டர் வராமலேயே ஒருவருடைய ஓராண்டைக் கெடுக்க முடியும் என்பது அன்று உறைக்கவில்லை.

மார்ச் 9

மைத்துனர் இதைப் படித்துவிட்டார். ஆறு அல்ல, ஐந்து என்கிறார்.

மார்ச் 21

நால்வர் அணிப் பந்தயமாக இருந்தால் இப்படி நடந்திருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நால்வரும் இறுதிவரை சேர்ந்தே போக வேண்டிய நெடும் பந்தயங்களில் ஒருவர் விலகினால் அணியே தரவரிசையை இழக்கும். அதனால் காயத்தை மறைக்கும் ஆசை அங்கே இன்னும் அதிகமாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அப்படியும் சொல்ல முடியவில்லை. நொண்டுபவனை மூன்று பேர் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கதவில் கை வைப்பது அவ்வளவு எளிதன்று. தனியாகப் போட்டியிட்டதில் எனக்குக் கிடைத்த வசதியே யாரும் கூட வராததுதான்.

மே 3

இந்த இழையைத் தொடங்கிய நண்பர், விலகிய பிறகு பந்தய நாளில் கணவாய்ப் பக்கம் தன்னார்வலராக நின்றதாக எழுதியிருக்கிறார். அடுத்த பிப்ரவரிக்கு மறுபடியும் பெயர் கொடுப்பதற்கு முன் காலை எப்படிச் சோதிப்பது என்று கேட்கிறார். துள்ளலை என்னிடம் கேட்காதீர்கள். பிசியோ எனக்குக் கொடுத்திருக்கும் பயிற்சி எளிது: பல் துலக்கும்போது புண்பட்ட காலில் மட்டும் நிற்க வேண்டும், பிறகு அதையே கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டும். மறுபடி மடங்குவதைக் குறைப்பதில் இத்தகைய சமநிலைப் பயிற்சிகளுக்கு நல்ல பலன் உண்டு. கண் திறந்திருந்தால் ஒரு நிமிடம் நிற்கிறேன். கண்ணை மூடினால் வலது காலில் 31 நொடி. இடது காலில் மார்ச் மாதம் 4 நொடி. இன்று காலை 11. வாஷ்பேசினில் கை வைக்கவில்லை; மனைவி பக்கத்தில் நின்று எண்ணினாள்.